அணில் வளர்த்த மகராசன்களே, கொஞ்சம் கணக்குக் காட்டுங்கள்!

கொசுவத்தி சுத்துவதில் பல ரகம் உண்டு. பம்பரம், கோலி, கமர்கட், தேன் மிட்டாய், தூர்தர்ஷன்... இதையெல்லாம் மன்னித்துவிடலாம். பம்பரத்துக்கு உயிர் கிடையாது. (தீப்பெட்டிக்குள் அடைத்து வைத்த பொன்வண்டுக்கு உண்டு. அந்தப் பஞ்சாயத்து இன்னொரு நாளைக்கு.) ஆனால் "சின்ன வயசுல எங்க வீட்ல ஒரு அணில் வளத்தோம்..." என்று யாராவது இழுக்க ஆரம்பித்தால், மக்களே, உஷாராகிவிடுங்கள். கதையின் கடைசியில் ஒரு பொய் வரப்போகிறது. அது பொய் என்று சொல்கிறவருக்கே தெரியாது. அதுதான் அதில் விசேஷம்.

வத்தலக்குண்டு பக்கம் இந்தக் கதைக்குப் பஞ்சமே இல்லை. பழனி மலை அடிவாரம். பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னந்தோப்பு. நடுநடுவே வெற்றிலைக் கொடிக்கால், வாழை, முருங்கை. அணிலுக்கு வேறென்ன வேண்டும்? மட்டை இடுக்கிலோ, ஓட்டுச் சாய்ப்பிலோ, பழைய மீட்டர் பெட்டிக்குப் பின்னாலோ தேங்காய் நாரையும் பஞ்சையும் கிழிந்த துணியையும் சேர்த்துப் பந்து மாதிரி ஒரு கூடு கட்டிவிடும். ஆடிக் காற்று அடித்தால் கூடு விழும். தேங்காய் வெட்ட ஏறுகிறவர் பன்னாடையையும் காய்ந்த மட்டையையும் இழுத்துப் போட்டால் கூடு விழும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன் கண்ணில் அது படும்.

அதற்கப்புறம் எல்லா வீட்டிலும் ஒரே திரைக்கதைதான். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி வரும். தாத்தாவின் கிழிந்த வேட்டி வரும். குண்டு பல்பு எரியும். பேனாவுக்கு மை போடும் ஃபில்லரைக் கழுவி (கழுவினால் உண்டு!) பசும்பாலை எடுத்து, கண்ணே திறக்காத அந்த ரோஸ் நிறத் துண்டுச் சதையின் வாயில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மூக்கு வழியாக நுரை வரும். "நல்லா குடிக்குதுடா!" என்பார்கள். அணிலுக்குப் பெயர் வைப்பார்கள். தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்ப்பார்கள். நாலு நாள் அந்த வீட்டுப் பையன்தான் தெருவுக்கே ராஜா.

அஞ்சாம் நாள் காலையில் அவன் எழுந்து பார்த்தால் பெட்டி காலி. அம்மா அடுப்படியில் இருந்தே சொல்வார்: "அது ஓடிப்போச்சுடா. அவங்கம்மா வந்து கூட்டிட்டுப் போயிருச்சு."

கண் திறக்காத, நடக்கத் தெரியாத ஒரு குட்டி அட்டைப்பெட்டியில் ஏறிக் குதித்து ஓடிப்போய்விட்டதாம்! பத்து வயதில் நம்பலாம், தப்பில்லை. நாற்பத்தைந்து வயதிலும் நம்பிக்கொண்டு அதைச் சபையில் சொல்லிக் கண் கலங்குகிறார்கள் பாருங்கள், அங்கேதான் இந்தச் சண்டை.

வத்தலக்குண்டில் ஒரு காதுகுத்து வீடு. கறிச்சோறு முடிந்து ஆண்கள் எல்லாம் பந்தல் காற்றில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த நேரம். பேச்சு எங்கெங்கோ சுற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் வந்து நின்றது. (எப்போதும் அங்கேதான் வந்து நிற்கும்.) சித்தப்பா முறையுள்ள ஒருத்தர் ஆரம்பித்தார். "இவனுகளுக்கு என்னய்யா தெரியும்? எந்நேரமும் செல்லுதான். நானெல்லாம் ஏழாப்பு படிக்கையில அணில் வளத்தேன். சட்டப் பையிலயே படுத்துக் கெடக்கும். ஒரு நாளு காலைல பாத்தா மரத்துல ஏறி ஓடிருச்சு. ரெண்டு நாளு சோறு திங்கலய்யா நான்." சுற்றி இருந்த நாலு பேரும் ஆளுக்கொரு அணில் வைத்திருந்தார்கள். எல்லா அணிலும் ஓடித்தான் போயிருந்தது. ஒன்றுகூடச் செத்திருக்கவில்லை. அப்போது பக்கத்தில் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அவருடைய அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "ஓடலடா. துணி தொவைக்கிற கல்லுக்குப் பின்னாடி பொதைச்சேன். எறும்பு மொச்சுப் போச்சு. நீ எந்திரிக்கிறதுக்குள்ள பொதைக்கணும்னு விடியக் காத்தால குழி தோண்டுனேன்."

முப்பது வருடத்துக்கும் மேலாக அந்தம்மா சுமந்த ரகசியம். சித்தப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஏம்மா இத்தன நாளு சொல்லல?" என்று கேட்டார். "இப்ப மட்டும் எதுக்குச் சொன்னேன்னு இருக்கு" என்றார் அந்தம்மா. அதோடு பேச்சு அரசியலுக்குப் போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தக் குட்டிகள் ஏன் செத்தன? பசும்பாலால்தான் பெரும்பாலும். ஒவ்வொரு விலங்கின் பாலும் அதனதன் குட்டிக்காகச் சமைத்த சமையல். பசுவின் பாலில் கொழுப்பு நூற்றுக்கு நாலு பங்கு அளவில் இருக்கும். அணில் வகைகளின் பால் அதைவிடப் பல மடங்கு கெட்டி. கொழுப்பும் அதிகம், புரதமும் அதிகம். பசும்பாலைக் கொடுத்தால் குட்டிக்கு வயிறு உப்பும், பேதியாகும், உடம்பில் இருக்கிற கொஞ்ச நஞ்ச நீரும் போய்விடும். வயிறு நிறைந்த மாதிரி தெரியும், உண்மையில் அது பட்டினி. அப்புறம் அந்த ஃபில்லர். மூக்கில் நுரை வந்ததைப் பார்த்து "நல்லா குடிக்குது" என்று குதித்தார்களே, பால் நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ரெண்டு நாளில் சளி கட்டி மூச்சுத் திணறிச் சாவதற்கு அதுவே போதும்.

இன்னொன்று, இது அநேகம் பேருக்குத் தெரியாது. அந்தப் பருவத்துக் குட்டியால் தானாக மூத்திரம்கூடப் போக முடியாது. தாய் நக்கி நக்கித்தான் போக வைக்கும். ஈரப் பஞ்சால் ஒவ்வொரு தடவை பால் கொடுத்த பிறகும் மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். ஏழாப்புப் பையனுக்கு இது எப்படித் தெரியும்? அவன் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியாது. ராத்திரியிலும் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து பால் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியாது. பத்து மணிக்குப் பல்பை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள், கரண்டு பில் ஏறுமே! உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாத குட்டி விடிவதற்குள் விறைத்துவிடும். தாயிடம் இருந்தால் சுமார் பத்து வாரம் பால் குடித்து வளர வேண்டிய உயிர் அது.

"இல்லீங்க, எங்க அணில் நெசமாவே பொழைச்சுச்சு, ஆறு மாசம் தோள்லயே திரிஞ்சுச்சு" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். கொஞ்சம் பெரிய குட்டியாகக் கிடைத்திருக்கும். அவர்களிடம் ஒரே கேள்வி: அப்புறம் என்ன ஆச்சு? "பின்னங்கால் ரெண்டும் இழுத்துக்கிச்சுங்க, யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்பார் ஒருத்தர். கண்ணும் இல்லை, மண்ணும் இல்லை. பால் சோறும் பிஸ்கட்டும் நிலக்கடலையுமே தின்று, வெயிலும் படாமல் வளர்ந்தால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு நொறுங்கும். பின்னங்கால் விழும். "பூனை கவ்விருச்சுங்க" என்பார் இன்னொருத்தர். பூனையைக் கண்டால் ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத் தாய் இல்லையே. வீட்டில் மடியிலேயே வளர்ந்ததுக்குப் பூனையும் இன்னொரு சொந்தக்காரன் மாதிரிதான் தெரிந்திருக்கும். நல்லபடியாகக் காட்டுக்குப் போன அணில்களும் உண்டு, இல்லை என்று யார் சொன்னது? போன பிறகும் தினமும் காலையில் கிணற்றடிச் சுவரில் வந்து கடலை வாங்கித் தின்ற அணில்கள் உண்டு. சந்தோஷம். ஆனால் அப்படிப்பட்ட ஒன்றின் கதையை வைத்துக்கொண்டு செத்துப்போன ஒன்பதும் தன் பிழைப்பை நடத்துகிறதே, அதுதான் உறுத்துகிறது.

பி.காம் படிக்கிற கூட்டத்துக்கு இதை வேறு மாதிரியும் சொல்லலாம். 1494ல் வெனிஸ் நகரத்தில் லூகா பாசியோலி என்ற துறவி ஒரு கணக்குப் புத்தகம் அச்சிட்டார். முதல் வருடத்திலேயே அந்தப் பெயரைச் சொல்லித்தான் கழுத்தை அறுப்பார்கள். இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருந்தாக வேண்டும். அணில் கொசுவத்தியில் நடப்பது ஒற்றைப் பதிவு. தனக்குக் கிடைத்த நாலு நாள் சந்தோஷம் ஒரு பக்கம் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது யார் கணக்கில் இருந்து வந்தது என்ற பக்கமே கிழிக்கப்பட்டிருக்கிறது. கிழித்தது அம்மா. பாசத்தில்தான் கிழித்தார். ஆனாலும் இருப்பாய்வு போட்டால் இடிக்கும்! இடிக்கிற தொகையை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு 'ஓடிப்போச்சு' என்று பெயர் வைத்தால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை வரும். "ஏம்ப்பா, சின்னப் பிள்ளைகிட்ட போய் செத்துப்போச்சுன்னா சொல்லுவாங்க? ஒரு பொய்யால யாருக்கு என்ன நஷ்டம்?" நஷ்டம் அந்தப் பையனுக்கு இல்லை. அடுத்த அணிலுக்கு.

யோசித்துப் பாருங்கள். செத்தது என்று தெரிந்தால் அந்தப் பையன் 'ஏன் செத்தது' என்று கேட்பான். பால் சரியில்லையா, பல்பு சரியில்லையா, எடுத்ததே தப்பா என்று யாரையாவது துளைப்பான். கேட்டால் நாலு பேருக்காவது பதில் தெரிந்திருக்கும், ஊருக்குள் ஒரு அறிவு உண்டாகியிருக்கும். உழுகிறதிலும் விதைக்கிறதிலும் அப்படித்தானே வந்தது? போன வருடம் பட்ட நஷ்டத்தைச் சொல்லிச் சொல்லித்தான். அணில் விஷயத்தில் மட்டும் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் ஜெயித்தவர்களாகவே இருக்கிறார்கள். எல்லா அணிலும் தாயோடு சேர்ந்துவிட்டது. அதனால்தான் அதே ஃபில்லர், அதே பசும்பால், அதே அட்டைப்பெட்டி. அப்பாவுக்குச் சொன்ன பொய்யை நம்பி அந்த அப்பாவே மகனுக்கு ஃபில்லர் கழுவிக் கொடுக்கிறார். அப்போது மைப் பேனா ஃபில்லர், இப்போது மருந்துக்கடை சிரிஞ்சு. முன்னேற்றம் அவ்வளவுதான்.

இதைவிட மோசமான பொய் ஒன்று உண்டு. "மனுசன் கை பட்டுருச்சுன்னா தாய் சேக்காது." இந்த ஒரு வாக்கியம் கொன்ற அளவுக்குப் பூனைகள்கூட அணில் குட்டிகளைக் கொன்றிருக்குமா என்பது சந்தேகம். கீழே விழுந்த குட்டியைத் தாய் தேடி வரும். கை பட்டிருந்தாலும் வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். குட்டி அதன் கழுத்தைச் சுற்றி மாலை மாதிரி சுருண்டுகொள்ளும், பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கூடு போனால் இன்னொரு இடத்தில் வைத்துக்கொள்ளும். செய்ய வேண்டியதெல்லாம் விழுந்த இடத்திலேயே, நாய் பூனைக்கு எட்டாத உயரத்தில், துணி விரித்த ஒரு பெட்டியில் குட்டியை வைத்துவிட்டு எட்டத் தள்ளி உட்காருவது. தள்ளி என்றால் நிஜமாகவே தள்ளி. பத்துப் பேர் சுற்றி நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் எந்தத் தாய் வரும்? அணில் பகலில் நடமாடுகிற பிராணி. பொழுது சாய்ந்து கிடைத்தால் ராத்திரிக்குக் கதகதப்பாக வைத்திருந்து விடிந்ததும் வைக்க வேண்டும். அடிபட்டிருந்தாலோ, தாய் செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்திருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போக வேண்டியதுதான். அதற்கும் அடுப்படிப் பால் பதில் இல்லை. இவ்வளவுதான் விஷயம். ஒரு சாயங்காலப் பொறுமை. ஆனால் இதில் பையனுக்கு ராஜா பட்டம் கிடைக்காது. பெயர் வைக்க முடியாது. அதனால்தான் இந்தக் கதை யாருடைய கொசுவத்தியிலும் வருவதில்லை.

அணிலுக்கும் தமிழனுக்கும் ரெண்டாயிரம் வருட சொந்தமாச்சே என்று ஒரு கோஷ்டி கொடி பிடிக்கும். பிடிக்கட்டும், சொந்தம் உண்மைதான். குறுந்தொகையில் ஒரு புலவருக்கு அணிலாடு முன்றிலார் என்றே பெயர். அவர் எழுதிய பாட்டில் வருகிற ஒரு சொற்றொடரையே பெயராக வைத்துவிட்டார்கள். அந்தப் பாட்டில் அணில் எங்கே இருக்கிறது? ஆட்கள் விட்டுவிட்டுப் போன வீட்டு முற்றத்தில். மனிதர்கள் இல்லாத இடத்தில் அது பாட்டுக்கு விளையாடுகிறது. தலைவன் இல்லாத தலைவியின் தனிமைக்கு அது உவமை. தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் சொல்கிற அணில் கடலை அடைக்கிற வேலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ரெண்டு அணிலையும் யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய ஆட்கள் அணிலை அக்கம்பக்கத்து வீட்டுக்காரராகப் பார்த்திருக்கிறார்கள். ராமர் தடவிக் கொடுத்த மூணு கோடு கதை வேறு. (வட இந்தியாவில் இருக்கும் அணிலுக்கு அஞ்சு கோடு. அங்கே அஞ்சு விரலாலும் தடவினாரா என்று கேட்டால் அடிக்க வருவார்கள். :-) ஊருக்குள் ஓடுகிற மூணு வரி அணிலுக்கு 1766ல் பெயர் வைத்தவர் ஸ்வீடன்காரர் லின்னேயஸ். இப்போதைய அறிவியல் பெயரின் முதல் பாதி ஃபுனாம்புலஸ், லத்தீனில் கயிற்றின் மேல் நடப்பவன் என்று அர்த்தம். 2021 ஜூனில் மின்வெட்டுக்கு அணில் கம்பிகளில் ஓடுவதும் ஒரு காரணம் என்று அப்போதைய மின்துறை அமைச்சர் சொன்னபோது ஊரே சிரித்ததே, அந்தப் பெயரைத் தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைவாகச் சிரித்திருப்பார்கள்.)

இன்னொரு பக்கம் சட்டம் பேசுகிற ஆசாமிகள். அணில் வளர்த்தேன் என்று யாராவது வாய் திறந்தால் போதும், 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தச் சட்டத்தில் எலியும் சுண்டெலியும் காக்கையும் தொல்லை தரும் பிராணிகள் என்று ஐந்தாவது அட்டவணையில் கிடந்தன. அஞ்சு வரி அணில் நான்காவது அட்டவணையில் இருந்தது. 2022ல் திருத்தி, 2023 ஏப்ரலில் இருந்து அட்டவணைகளையே மாற்றி அமைத்துவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற மலை அணிலுக்கென்றே 1988ல் சரணாலயம் வந்தது. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் குட்டி அணிலைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி வருகிற எட்டு வயதுப் பையனிடம் அட்டவணை பேசுவது ஆகிற காரியமா? அவன் கெட்டது செய்ய வரவில்லை. பூனையிடம் இருந்து காப்பாற்றிவிட்டதாக நினைத்து மூச்சிரைக்க வந்து நிற்கிறான். அவனுக்குத் தேவை வழக்குப் பிரிவு இல்லை. எடுத்த இடத்தில் வைத்துவிட்டு உட்காரலாம் வா என்று கூட வருகிற ஒரு பெரிய மனுஷன்.

சிலர் புத்திசாலித்தனமாக ஒரு வழி சொல்வார்கள். அணில்தானே வேண்டாம், ஹாம்ஸ்டர் வாங்கிக் கொடுத்துவிடலாமே? மதுரையிலோ திண்டுக்கல்லிலோ வளர்ப்புப் பிராணிக் கடையில் கூண்டோடு கிடைக்கிறது. காட்டிலிருந்து பிடித்ததில்லை, கூண்டிலேயே பிறந்து வளர்ந்த ஜாதி. வாஸ்தவம்தான், அந்த மட்டில் அணிலைத் திருடுவதைவிடத் தேவலை. அந்த ஜாதியின் பூர்வீகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1930ல் சிரியாவின் அலெப்போ பக்கத்தில் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியல்காரர் வயலைத் தோண்டி ஒரு தாயையும் குட்டிகளையும் எடுத்தார். பெட்டியில் போட்டதும் அந்தத் தாய் தன் குட்டியையே கொன்றது. மிஞ்சிய குட்டிகளில் இருந்துதான் இன்று உலகம் முழுக்கக் கூண்டில் சக்கரம் சுற்றுகிற சிரிய ஹாம்ஸ்டர்கள் கிட்டத்தட்ட எல்லாமே வந்தன. அது தனியாக வாழ்கிற பிராணி. ஜோடியாக ஒரே கூண்டில் அடைத்தால் கடித்துக் குதறிக்கொள்ளும். ஆனால் கடையில் 'ஜோடி' என்றுதான் விற்பார்கள். ராத்திரியில் விழித்துப் பகலில் தூங்கும். பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து கூண்டைத் தட்டித் தட்டி எழுப்புவான். சித்திரை வெயிலில் தகர ஷீட் வீட்டில் அதன் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கினிப்பன்றி என்றால் இன்னொரு கூத்து. மனிதனைப் போலவே அதற்கும் உடம்பில் வைட்டமின் சி தானாக ஊறாது, தினமும் தீனியில் கொடுக்க வேண்டும். வாங்குகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? 2018ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி வளர்ப்புப் பிராணிக் கடை என்றால் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அடுத்த தடவை கடைக்குப் போகிறவர்கள் அந்தச் சான்றிதழ் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுவாரஸ்யமாக இருக்கும்.

கடைசியாக அந்த 'செல்போன் தலைமுறை' வசனம். அணில் வளர்த்ததால் எங்களுக்கு இரக்கம் வந்தது, இந்தப் பயல்களுக்கு இல்லை என்கிறார்கள். அதே தோப்பில் அதே வயதில் அதே கைகளால் உண்டிவில்லில் அணிலை அடித்ததும் யாராம்? ஒன்றைப் பையில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே இன்னொன்றைக் கல்லால் அடித்தவர்கள்தானே பாதிப் பேர்? இரக்கம் வந்தது பொய்யில்லை. அந்த ரெண்டு நாள் சோறு இறங்காமல் அழுததும் பொய்யில்லை. ஆனால் அந்த அழுகைக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய பாடத்தை வீட்டுக்காரர்கள் விடியற்காலையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது வெறும் இனிப்பு. அந்த இனிப்பை வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறையை மட்டம் தட்டுவது எந்த ஊர் நியாயம்?

அந்தக் காதுகுத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு பேரன். ஆறாவது படிக்கிறான். அதற்கடுத்த ஆடியில் ஒரு மத்தியானம் டிபன் பாக்ஸில் ரெண்டு குட்டிகளோடு வந்து நின்றான்.

"அப்பத்தா, கீழ கெடந்துச்சு. வளக்கவா?"

"எங்கடா எடுத்த?"

"பின்னாடி தென்னைக்குக் கீழ."

அவர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். பழைய ஓலைக் கொட்டான் ஒன்றைத் தேடி எடுத்து, உள்ளே நைந்த சேலைத் துணியை விரித்து, குட்டிகளை அதில் வைத்துப் பேரனை ஸ்டூலில் ஏற்றி மரத்தில் கட்டச் சொன்னார். முடிச்சை அவரே கீழிருந்து ரெண்டு தடவை சரிபார்த்தார். அப்புறம் பின்வாசல் படியில் ரெண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சுவரின் மேல் ஒரு அணில் வாலை அடித்து அடித்துக் கத்திக்கொண்டே இருந்தது. பேரன் அசைந்தால் அது ஓடும். "ஆடாம இருடா" என்று தொடையில் ஒரு தட்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கொட்டானுக்குள் தலையை விட்டது, எடுத்தது, ஓடியது. மறுபடி வந்தது. தலையை விட்டது, ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு மேலே போனது. இருட்டுவதற்குள் இன்னொன்றும் போய்விட்டது.

ராத்திரி அப்பாவிடம் போனில் பேசினான் பேரன். நல்ல கோபத்தில் இருந்தான். "நீங்க மட்டும் வளத்தீங்கள்ல? என்னைய மட்டும் வளக்க விடல அப்பத்தா" என்றான்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "போன அப்பத்தாட்ட குடு" என்றார் அவர்.